அயலூரில் அடையாளம்: ஆதார் அமைப்பில் வந்துள்ள புதிய வசதிகள்

பிறந்த ஊரிலேயே வாழ்கின்ற ஒருவருக்குத் தாம் இன்னார் என்று நிறுவவேண்டிய தேவை எப்போதாவதுதான் ஏற்படுகிறது. தெருக்கோடிக் கடைக்காரர் அவருடைய பாட்டனாரை அறிவார். தபால்காரர் விலாசத்தைப் பாராமலே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். சாட்சி சொல்ல வேண்டுமானால் நான்கு பேர் கூடவே வருவார்கள். பிழைப்பின் பொருட்டு மாநில எல்லையைக் கடந்துவிட்ட நம்மவர்க்கு இந்தச் சாட்சிகள் இல்லை. தாராவியில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பதானாலும், பெங்களூரில் சமையல் எரிவாயு இணைப்புப் பெறுவதானாலும், டில்லியில் வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதானாலும், 'நீர் யார்?' என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அதற்கு விடையாக நாம் பெரும்பாலும் நீட்டுவது ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் பிரதி ஒன்றைத்தான்.

அந்த ஒரு தாளில் நமது பெயர், படம், பிறந்த தேதி, முகவரி, வாழ்நாள் முழுதும் மாறாத பன்னிரண்டு இலக்க எண் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. கேட்டவருக்கு வேண்டியது பெயர் மட்டுமாக இருக்கலாம். நாமோ அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு வருகிறோம். அத்தாள் பிறகு எந்த அலமாரியில் கிடக்கிறது, யார் கைக்குப் போகிறது என்பதை அறிய வழியில்லை. 2018-ஆம் ஆண்டு முதல் ஆதார் அமைப்பின் மென்பொருளில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டுள்ள வசதிகள் பெரும்பாலும் இந்தக் குறையைத் தீர்க்க முற்பட்டவையே. முழுவதையும் ஒப்படைப்பதற்குப் பதிலாக, வேண்டிய அளவு மட்டும் காட்டுதல் என்பதே அவற்றின் அடிப்படை நோக்கம். இவ்வசதிகள் யாவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, அயலூரில் வாழும் நமக்கு அவற்றால் விளையும் பயன் எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் அமைப்பின் அடிப்படையை அறிதல் நலம். இந்திய தனித்துவ அடையாள ஆணையம் 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுவப்பட்டது. முதல் எண், 2010 செப்டம்பர் 29-ஆம் தேதி, மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்பிலி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் எண் பெற்றோரின் தொகை 100 கோடியை எட்டியது. அதே ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

இந்த எண்ணின் அமைப்பில் கவனிக்கத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. அதில் பொருள் ஏதும் பொதிந்துவைக்கப்படவில்லை. பிறந்த ஆண்டு, மாநிலம், சாதி, ஆணா பெண்ணா என்ற எந்தக் குறிப்பும் அதில் இல்லை. மதுரையில் வழங்கப்பட்ட எண்ணையும் அமிர்தசரசில் வழங்கப்பட்ட எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எவ்வூருக்கு உரியது என்று எவராலும் கூற இயலாது. முதல் இலக்கம் சுழியமாகவோ ஒன்றாகவோ இராது. கடைசி இலக்கம் மற்றப் பதினொன்றையும் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படும் காவல் இலக்கமாகும். வெர்ஹூஃப் என்னும் ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் 1969-இல் வகுத்த முறை இது. எழுதுபவர் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டாலும், கணக்கு ஒத்துவராது. இயந்திரம் அவ்வெண்ணை அப்பொழுதே மறுத்துவிடும். ஊரோடும் தெருவோடும் பிணைக்கப்பட்ட பழைய குடும்ப அட்டையைப் போலன்றி, மனிதர் செல்லுமிடமெல்லாம் கூடவே செல்லுமாறு வகுக்கப்பட்ட எண் இது. இடம்பெயர்ந்து வாழ்வோருக்கு இது ஒரு நல்வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

நமது விவரங்களும் பத்து விரல்களின் ரேகைகளும் இரு கண்களின் கருவிழிப் பதிவுகளும் முகப்படமும் மையத் தொகுப்பில் சேமிக்கப்பட்டுள்ளன. ரேஷன் கடையில் நாம் விரலை வைக்கும்போது, அந்தப் பதிவு மறைகுறியாக மாற்றப்பட்டு மையத்திற்குச் செல்கிறது. அங்கே நமது எண்ணுக்கு நேரே உள்ள பதிவோடு ஒப்பிடப்படுகிறது. 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல் விடை திரும்பி வருகிறது. உலகிலுள்ள எல்லா ரேகைகளிலும் தேடி 'இவர் யார்?' என்று கண்டுபிடிக்கும் வேலை அன்று. 'இவர் தாம் கூறுகிற ஆள்தானா?' என்று சரிபார்க்கும் வேலை மட்டுமே. இவ்விரண்டையும் பலர் ஒன்றாகக் கருதி வீணே அஞ்சுவதுண்டு.

ஆனால் அஞ்சத்தக்க இடம் வேறொன்று இருக்கிறது. பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றிவிடலாம். ஆதார் எண்ணையோ விரல் ரேகையையோ அவ்வாறு மாற்ற இயலாது. நாடெங்கும் எண்ணற்ற அலுவலகங்களில் ஒரே எண் எழுதிவைக்கப்பட்டால், ஓரிடத்துக் குறிப்பையும் மற்றோரிடத்துக் குறிப்பையும் இணைத்து ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் தொகுத்துவிடலாம் அன்றோ? 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எவராலும் இயலவில்லை.

2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மாற்று எண் முறை இதற்குக் கிடைத்த முதல் விடையாகும். பதினாறு இலக்கங்கள் கொண்ட தற்காலிக எண் ஒன்றை நாமே ஆணையத்திடமிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். உண்மையான ஆதார் எண் கேட்கப்படும் இடத்தில் இதனைத் தந்தால் போதும். வேண்டாம் என்று தோன்றும்போது புதிய மாற்று எண் ஒன்றை வரவழைத்தால் பழையது செல்லாததாகிவிடும். மாற்று எண்ணைக் கொண்டு மூல எண்ணைக் கணக்கிட்டுக் காண வழியில்லை. இதனோடு, ஒவ்வொரு நிறுவனத்திற்கும் நம்மைக் குறிக்க வெவ்வேறு அடையாளக் குறியீடு வழங்கும் முறையும் கொண்டுவரப்பட்டது. வங்கியிடம் உள்ள குறியீடும் தொலைபேசி நிறுவனத்திடம் உள்ள குறியீடும் ஒன்றாக இரா; ஆகவே இருவரும் தத்தம் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலும் அக்குறியீட்டைக் கொண்டு நம்மை இணைக்க இயலாது. அமைப்பின் அழகு இதில் வெளிப்படுகிறது என்றே கூறவேண்டும். எனினும், இதனை அறிந்தவர் சிலர். பயன்படுத்துவோர் அவரினும் சிலர். படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள் மட்டும் அச்சிட்டு வைத்துக்கொண்டு பதினாறு இலக்கங்களை எங்கே எழுதுவது என்று கேட்கும் எழுத்தரிடம், எண்ணைக் காக்கும் தத்துவத்தை எடுத்துரைக்க நமக்கும் பொறுமை இருப்பதில்லை.

எளிய வசதி வேறொன்று உண்டு. முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் அட்டையை ஆணையத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்கம் செய்யலாம். விடுதியில் அறை எடுப்பதற்கும், வாடகை வீட்டின் உரிமையாளருக்குக் கொடுப்பதற்கும் இதுவே ஏற்றது. 2022 மே மாதத்தில், ஆதார் நகலை எவருக்கும் கொடுக்க வேண்டாம், மறைத்த பிரதியையே கொடுங்கள் என்று ஆணையத்தின் பெங்களூர் வட்டார அலுவலகம் ஓர் அறிக்கை விடுத்தது. நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. இரண்டே நாட்களில், தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு என்று கூறி அரசு அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிக்கை மறைந்தது; அதில் சொல்லப்பட்ட மறைத்த பிரதி இன்றும் கிடைக்கிறது. அறிவுரை நல்லதே என்பது நம் கருத்து.

அட்டையின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகக் காணப்படும் கியூ.ஆர். கோடு வெறும் அலங்காரம் அன்று. முன்பு அதில் பெயரும் முகவரியும் சாதாரண எழுத்துக்களாகவே இருந்தன. கைத்திறன் உள்ள எவரும் பொய்யான ஒன்றை அச்சிட்டுவிடலாம். 2018-இல் இது மாற்றப்பட்டு, ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் அதனுள் சேர்க்கப்பட்டது. இக்கையொப்பம் என்பது யாது? பண்டைக் காலத்தில் ஓலைக்கு இடப்பட்ட இலச்சினையை நினைவுகூர்க. இலச்சினை உடைந்திருந்தால் ஓலையை எவரோ பிரித்திருக்கிறார் என்று தெரியும். இலச்சினையின் உருவம் அரசனுடையதா என்பதை அதனைக் கண்டிருக்கும் எவரும் கூறலாம். ஆனால் அதனைப் பதிக்கும் மோதிரம் அரசன் கையில் மட்டுமே உண்டு. இங்கே மோதிரத்தின் இடத்தில் இருப்பது ஆணையம் தன்னிடமே மறைத்து வைத்திருக்கும் ஒரு பெரிய எண். விவரங்கள் அனைத்தையும் ஒரு கணக்கின் வழியே செலுத்திச் சுருக்க எண் ஒன்றைப் பெற்று, அதன்மேல் அந்த மறை எண்ணால் முத்திரை இடுகிறார்கள். மறை எண்ணுக்கு இணையான மற்றோர் எண் யாவர்க்கும் வெளிப்படையாக வழங்கப்பட்டுள்ளது. முத்திரை உண்மையானதா என்று பார்க்க அது போதும், புதிதாக முத்திரை இட அது உதவாது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சுருக்க எண் முற்றிலும் வேறாகிவிடும், முத்திரை பொய்த்துவிடும்.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. சரிபார்ப்பவர் தம் செல்போனில் உள்ள ஆணையத்தின் செயலியைக் கொண்டு அந்தக் கோட்டைப் படித்தால், கையொப்பமிட்ட பெயரும் படமும் திரையில் தோன்றும். அட்டையின் மேற்புறத்தில் வேறொருவர் படத்தை வெட்டி ஒட்டியிருந்தால் அக்கணமே குட்டு வெளிப்படும். மையத் தொகுப்புக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. இன்ன நாளில் இன்ன விடுதியில் தங்கினார் என்ற குறிப்பும் அங்கே ஏறுவதில்லை. முழு ஆதார் எண்ணும் அந்தக் கோட்டில் இல்லை. கடைசி நான்கு இலக்கங்களே உள்ளன. ஜெராக்ஸ் பிரதியோ எதையும் மெய்ப்பிப்பதில்லை. அது உண்மையானதா என்று பார்க்க எவராலும் இயலாது. ஆயினும் நாட்டில் பெரும்பாலோர் நம்பிக் கேட்பது அதையேதான்!

2025 ஏப்ரலில் சோதனை வடிவில் காட்டப்பெற்று, அவ்வாண்டு நவம்பரில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட புதிய ஆதார் செயலி இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றிருக்கிறது. 2017-இல் வெளிவந்த பழைய எம்-ஆதார் செயலி, அட்டையைச் செல்போனில் சுமந்து செல்லும் பெட்டி என்ற அளவில்தான் பெரிதும் பயன்பட்டது. புதியதில், எந்த விவரத்தைக் காட்டுவது, எதனை மறைப்பது என்பதை உடையவரே தேர்ந்தெடுக்கலாம். பெயரும் படமும் போதுமென்றால் அவ்விரண்டை மட்டும் காட்டலாம்; முகவரியை விட்டுவிடலாம். ஒரே செல்போன் எண்ணைப் பதிவு செய்துள்ள குடும்பத்தினர் ஐவர் வரையில் ஒரே செயலியில் தங்கள் விவரங்களை வைத்துக்கொள்ள இடமுண்டு. முதியோரும் பிள்ளைகளும் உள்ள வீட்டிற்கு இது பெரிய உதவி. வேண்டியதை மட்டும் காட்டுதல் என்று நாம் தொடக்கத்தில் கூறிய நோக்கம் இதில்தான் முழு வடிவம் பெற்றிருக்கிறது. கேட்பவர் மனம் மாறவேண்டும் என்பதே எஞ்சியுள்ள குறை. மென்பொருளை ஒரே இரவில் மாற்றிவிடலாம். வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவரின் வழக்கத்தை மாற்றுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

கேட்பவருக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லை என்ன என்பதையும் நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும். 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் ஆதார்ச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் நிறுவனங்கள் இதனைக் கட்டாயப்படுத்த இடந்தந்த பகுதியை நீக்கியது. பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஆதார் கட்டாயம் அன்று என்றும் அத்தீர்ப்புக் கூறியது. 2019-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்திற்கும் நாமே விரும்பி ஆதாரைக் காட்டலாம். அன்றியும், இந்த எண் தன்னளவில் குடியுரிமைக்கோ மாநில வசிப்புரிமைக்கோ சான்றாகாது என்று சட்டமே கூறுகிறது. வேற்று மாநில முகவரி பொறித்த அட்டை கிடைத்துவிட்டதனால் அம்மாநிலக் கல்லூரி இடஒதுக்கீட்டில் உரிமை வந்துவிட்டது என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்க.

இனி விரல் ரேகைக்கு வருவோம். தோல் பதனிடுவோர், கொத்தனார், சலவைத் தொழிலாளர், அடுப்படியில் ஆயுள் கழித்த சமையற்காரர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்துபோகிறது. இயந்திரத்தில் விரலை வைத்தால் 'இல்லை' என்ற விடையே வருகிறது. உழைத்துத் தேய்ந்த கையே உழைப்பாளிக்கு எதிர்ச்சாட்சி ஆவது எவ்வளவு கொடுமை! தமிழ்நாடு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டில் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைதாரர் வேற்று மாநிலக் கடையிலும் தானியம் பெறலாம். ஆனால் அங்கே அவரை அறிந்தவர் இல்லை. விரல் ஒன்றே அவருக்குச் சாட்சி. ரேகை பொருந்தாத காரணத்தினால் எவருக்கும் உரிய உதவி மறுக்கப்படலாகாது என்பதை 2018 தீர்ப்பு வலியுறுத்தியது. எனவே கருவிழியையோ, பதிவு செய்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையோ கொண்டு சரிபார்க்கும்படி கேட்பதில் தயக்கம் வேண்டுவதில்லை.

முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் முறை இக்குறைக்கு நல்ல மருந்தாக வந்திருக்கிறது. இதற்குத் தனிக் கருவி வேண்டுவதில்லை. செல்போனில் உள்ள காமிராவே போதும். 2021 நவம்பரில் ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழுக்கு இம்முறை அறிமுகமாயிற்று. பணி ஓய்வு பெற்று, மகனோடோ மகளோடோ டில்லியிலும் புனேயிலும் வாழ்கின்ற முதியோர், ஆண்டுதோறும் நவம்பர் மாதம் வந்துவிட்டால் வங்கிப் படியேறிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே அக்காரியத்தை முடித்துவிடுகின்றனர்.

ரேகையைத் திருடும் கூட்டமும் உண்டு. பத்திரங்களில் பதிந்த ரேகையைப் படியெடுத்து, சிலிக்கோன் என்னும் இரப்பர் போன்ற பொருளில் போலி விரல் செய்து, விரல் வைத்துப் பணம் எடுக்கும் வங்கி முகவரிடம் கணக்கைக் காலி செய்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாயின. 2023-இல் ஆணையம் இதற்கு எதிராக ஒரு புதிய மென்பொருள் ஏற்பாட்டைச் செய்தது. ரேகையின் கோடுகள் பிரியும், முடியும் புள்ளிகளை ஒப்பிடுவதோடு நில்லாமல், விரலின் முழுப் படத்தையும் சேர்த்து ஆராய்ந்து, அது உயிருள்ள விரல்தானா என்று தேர்கிறது. நம் பங்கிற்கு நாமும் ஒரு காவல் செய்யலாம். உடற்பதிவுகளைப் பூட்டிவைக்கும் வசதி செயலியில் உள்ளது. பூட்டியபின் நமது விரலை நாமே வைத்தாலும் செல்லாது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். விரல் வைத்துப் பணம் எடுக்கும் வழக்கம் இல்லாதோர் எப்போதும் பூட்டியே வைப்பது நன்று. மாதந்தோறும் ரேஷன் கடைக்குச் செல்லும் தாயாருக்கு, அவரிடம் சொல்லாமல் பூட்டிவைத்துவிடாதீர்கள்!

தமிழர்க்கே உரிய சங்கடம் ஒன்று பெயரில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து நம் பெயரை எழுதுகிறோம். வடநாட்டு எழுத்தர் 'சர்நேம்' என்ன என்று கேட்டால் விழிக்கிறோம். சிலர் தந்தையின் பெயரைக் கூறுகின்றனர், சிலர் ஊர்ப் பெயரைக் கூறுகின்றனர், சிலர் புள்ளியும் எழுத்துமாக இருப்பதையே கொடுத்துவிடுகின்றனர். ஆதாரை வகுத்தவர்கள் இதில் அறிவுடன் நடந்துகொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். விட்டல் தலைமையிலான குழு 2009-இல் அளித்த பரிந்துரையின் வழி வந்த அமைப்பில், பெயருக்கு ஒரே கட்டம்தான். முன்பெயர், பின்பெயர் என்ற பிரிவினை இல்லை. ஆனால் மற்ற ஆவணங்கள் அவ்வாறு இல்லை. பான் அட்டை விண்ணப்பம் முதலெழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது; ஒற்றைப் பெயர் உடையவர் அதனைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதவேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டு, இயற்பெயர் கட்டத்தில் எழுதவேண்டும். ஒரே பெயர் ஓரிடத்தில் வாலாகவும் மற்றோரிடத்தில் தலையாகவும் மாறிவிடுகிறது. பிறகு பானையும் ஆதாரையும் இணைக்கப் போனால், பெயர் பொருந்தவில்லை என்று இயந்திரம் கூறுவதில் வியப்பில்லை.

ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். திருத்தலாம், ஆனால் வாழ்நாளில் இருமுறைதான். பிறந்த தேதியைத் திருத்த ஒரே வாய்ப்பு. முகவரிக்கு மட்டும் இத்தகைய வரம்பு இல்லை. ஆகவே பெயர் திருத்தத்தைக் கவனமாகச் செய்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழ், பான், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசைமேல் பரப்பி, எந்த வடிவம் பெரும்பான்மையாக உள்ளது, எதனைத் திருத்துவது எளிது என்று முடிவு செய்த பின்னரே ஆதாரில் கைவைப்பது தக்கது. பிள்ளைகளுக்குப் பெயர் பதியும்போது முதலெழுத்தை விரித்தே எழுதிவிடுவது பிற்காலத்தில் தொல்லையைக் குறைக்கும். பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் உடற்பதிவுகளைப் புதுப்பித்தாக வேண்டும். அச்சமயம் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துப்பெயர்ப்பின் விளையாட்டு மற்றொன்று. அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்திலும் ஓர் இந்திய மொழியிலும் அச்சாகின்றன. மும்பையிலோ டில்லியிலோ பதிவு செய்யும்போது நாகரி எழுத்து வருகிறது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரைக் கணினி தானே நாகரிக்கு மாற்றுகிறது. நாம் கார்த்திக் என்ற பெயரில் வரும் தகரத்திற்கு ஆங்கிலத்தில் 'டி', 'ஹெச்' என்னும் இரண்டு எழுத்துக்களை இடுகிறோம். வடநாட்டு வழக்கில் அந்த இரண்டும் சேர்ந்தால் மூச்சை அழுத்திச் சொல்லும் வேறொரு தகரம். ழகரத்திற்கு நாம் இடும் 'இசட்', 'ஹெச்' அங்கே ஜகரம் போன்ற ஒலியாகிவிடும். கயல்விழி என்ற அழகிய பெயர் எந்த வடிவில் அச்சாகி வரும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். பதிவு மையத்தில் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, இரு மொழிகளிலும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பின்பே ஒப்புதல் அளிக்கவேண்டும். நாகரி எழுத்து அறியாதோர், அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க.

முகவரியை மாற்றுவதில் நம்மவர் படும் பாடு தனி. வாடகை ஒப்பந்தம் எழுதித்தர வீட்டுக்காரர் மறுக்கிறார். மின்கட்டண ரசீது அவர் பெயரில் வருகிறது. 2023 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, குடும்பத்தில் ஒருவர் முகவரியை மாற்றிக்கொண்டுவிட்டால் போதும். அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி, மனைவியோ மக்களோ பெற்றோரோ இணைய வழியில் விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பிய எவரும் இவ்வாறு தலைவராக நிற்கலாம். உறவைக் காட்டும் ஆவணம் ஒன்று வேண்டும். ரேஷன் அட்டை, மதிப்பெண் பட்டியல், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்றவை ஏற்கப்படுகின்றன. தலைவருக்குச் செய்தி போகும். முப்பது நாட்களுக்குள் அவர் தம் இசைவைத் தெரிவிக்கவேண்டும். தவறினால் விண்ணப்பம் முடிந்துபோகும். ஊரிலுள்ள முகவரியை விட மனமில்லாதோர்க்கும் ஒரு வழி உண்டு. 2019 நவம்பரில் வந்த விதித் திருத்தத்தின்படி, ஆதாரைக் கொண்டு வங்கிக் கணக்குத் தொடங்கும்போது, தற்போதைய முகவரி வேறு என்று தாமே எழுதித் தரும் உறுதிமொழியை வங்கி ஏற்கலாம்.

மேற்கூறிய வசதிகளுள் பெரும்பாலானவற்றிற்குத் திறவுகோல், ஆதாரில் பதிவாகியுள்ள செல்போன் எண்ணே. இணைய வழியில் மாற்று எண் பெறுவதும் முகவரி மாற்றுவதும் அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் நடவா. ஊர் மாறியதும் பழைய சிம் கார்டை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது நம்மவர் வழக்கம். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில காலத்திற்குப் பின் வேறொருவருக்கு வழங்கிவிடுகிறது. நம் வீட்டுச் சாவி அறியாதவர் பையில் போய்ச் சேர்வதற்கு ஒப்பானது இது. ஆதலின் புதிய எண்ணை ஆதாரில் ஏற்றிய பின்னரே பழையதை விடவேண்டும். நம் ஆதார் எங்கே, எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற ஆறு மாதக் குறிப்பையும் அதே செல்போன் எண்ணைக் கொண்டு பார்க்கலாம். நாம் போகாத இடம் அதில் காணப்பட்டால் உடனே முறையிடலாம். முறையீட்டிற்கும் ஐயம் கேட்பதற்கும் ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1947. எம்மாநிலத்திலிருந்து அழைத்தாலும் அதில் தமிழிலேயே பேசலாம்.